'இந்தியா' என்று எழுதியிருந்த அடாப்டர்

கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பெட்ஷீட், திரைச்சீலை, மேஜை விரிப்பு, கிச்சன் டவல் இவைதான் எங்கள் சரக்கு. வருஷா வருஷம் ஜனவரியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் ஹைம்டெக்ஸ்டில் என்றொரு கண்காட்சி நடக்கும். கரூர்க்காரர்கள் பலரும் ஸ்டால் போடுவார்கள். 2024-இல் எங்கள் ஓனரின் மகனுக்கும் எனக்குமாகச் சேர்த்து விசா எடுத்திருந்தோம். கிளம்புகிற வாரத்தில் மகனுக்குக் காய்ச்சல். "நீயே போயிட்டு வந்துரு அம்மணி, என்னாயிரும்?" என்று ஓனர் சொல்லிவிட்டார். எனக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். சாம்பிள் பட்டியல், விலைப் பட்டியல், இன்சூரன்ஸ், கம்பளி உள்ளாடை என்று எல்லாவற்றுக்கும் யோசித்தேன். பிளக்குக்கு மட்டும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் யோசிக்கவில்லை.

அந்த ஐந்து நிமிஷமும் ஜவஹர் பஜார் பக்கம் ஒரு மொபைல் கடையில் கழிந்தது. "பாரின் போறனுங்க, அடாப்டர் வேணும்" என்றேன். "எல்லா நாட்டுக்கும் ஆகுங்க்கா" என்று சதுரமாகச் சோப்புக்கட்டி மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார் கடைத் தம்பி. பக்கவாட்டில் பட்டனைத் தள்ளினால் ஒரு நாட்டுப் பின் வெளியே வரும், இன்னொன்று உள்ளே போகும். கீழே யூஎஸ்பி துளை இரண்டு. விலை 350 ரூபாய். யூஎஸ்பி இருக்கிறதே என்று போன் சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒயரை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெட்டியில் நூறு கிராம் மிச்சம் என்று அப்போது பெருமை வேறு.

பெங்களூரில் விமானம் ஏறி ஞாயிற்றுக்கிழமை காலை இறங்கினேன். கண்காட்சி சமயத்தில் பிராங்க்பர்ட் ஓட்டல்கள் விலை ஏறிக்கிடக்கும் என்பதால் பக்கத்து ஊரான ஆஃபன்பாகில் ஒரு சின்ன லாட்ஜில் அறை போட்டிருந்தார்கள். விமானத்தில் விலைப் பட்டியலைத் திருத்திக்கொண்டே வந்ததில் லேப்டாப் செத்திருந்தது. போனில் 11 சதவீதம். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே. குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அறைக்குள் போனதும் முதல் வேலையாக அடாப்டரை எடுத்தேன். அங்கே சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் நம்மூர் மாதிரி தட்டையாக இல்லை. வட்டமாக ஒரு கிண்ணத்தைச் சுவருக்குள் பதித்த மாதிரி, ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே குழிந்து இருக்கும். ஓட்டைகள் இரண்டும் குழியின் அடியில். ஷூக்கோ என்று அதற்குப் பெயர். என் சோப்புக்கட்டி சதுரம், குழியோ வட்டம். அடாப்டரின் உடம்பு விளிம்பிலேயே முட்டி நின்றுவிட்டது. பின் நுனி மட்டும் ஓட்டையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. கையால் அழுத்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு எரியும், விட்டால் அணையும்.

அடுத்து நான் செய்ததை யாரும் செய்யாதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் பெட்டியை நிறுத்தி, பெட்டிக்கும் அடாப்டருக்கும் நடுவே சுருட்டிய துண்டை வைத்து முட்டுக் கொடுத்தேன். விளக்கு எரிந்தது. லேப்டாப் சார்ஜரின் த்ரீ பின்னை அதில் சொருகினேன். உள்ளே பொரி பொரிகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, பட் என்று வெடித்து அறையே இருட்டாகிவிட்டது. பிளாஸ்டிக் கருகிய நாற்றம். ஓட்டல்காரர்கள் போலீஸைக் கூப்பிடுவார்களோ, அபராதம் போடுவார்களோ என்று கை நடுங்கியது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டிலேயே அழுதேன். அழுது முடித்துக் கீழே போனால் ரிசப்ஷனில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த கருகிய கட்டியைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் மேலே வந்து ட்ரிப் ஆன ஸ்விட்சைத் தூக்கிவிட்டார். அபராதம் இல்லை. இதெல்லாம் அவருக்குப் பழக்கம்போல.

இதில் எனக்குத் தெரியாமல் போனவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து, ஸ்பெயின் பக்கமெல்லாம் இந்தக் குழிப் பாயிண்ட்தான். அதற்கு வாங்கும் அடாப்டரின் பின்புறம் குழிக்குள் இறங்குகிற மாதிரி வட்டமாக இருக்க வேண்டும். பின்னின் பருமன் 4.8 மில்லிமீட்டர். நம்மூரில் மலிவாக விற்கும் பலவற்றில் 4 மில்லிமீட்டர் பின்தான் இருக்கும். உள்ளே போகும், ஆனால் பாரமான சார்ஜரைத் தொங்கவிட்டால் தலை குனிந்துவிடும். வட்ட உடம்பின் இரண்டு பக்கமும் பித்தளைப் பட்டை தெரிந்தால் அது எர்த் உள்ளது. பாரிஸ் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: பிரான்சிலும் பெல்ஜியத்திலும் போலந்திலும் குழிக்குள் இருந்து எர்த் பின் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடாப்டரில் அதற்கு ஒரு ஓட்டை இருக்க வேண்டும். பட்டையும் ஓட்டையும் சேர்ந்தே இருக்கும் அடாப்டர் இரண்டு பக்கத்துக்கும் ஆகும்.

இதில் பெரிய வேடிக்கை, போன் சார்ஜரை நான் எடுத்து வந்திருந்தால் அடாப்டரே வேண்டியிருக்காது. நம்மூர் போன் சார்ஜர்களில் இருக்கும் மெல்லிய உருண்டை டூ பின் பெரும்பாலும் அந்தக் குழிக்குள் நேராகவே போய் உட்காரும். நூறு கிராம் மிச்சம் பிடித்தவள் நான்!

சரி, கடைக்குப் போய் வேறு அடாப்டர் வாங்கலாம் என்றால் அன்றைக்கு ஞாயிறு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ரயில் நிலையம், விமான நிலையம், பெட்ரோல் பங்க் போன்ற இடங்களில்தான் ஏதாவது திறந்திருக்கும். ரயில் பிடித்து பிராங்க்பர்ட் பெரிய ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் அடாப்டர்கள் வரிசையாகத் தொங்கின. ஒரு அட்டையில் 'இண்டியன்' என்று போட்டிருந்தது. ஜெர்மன் மொழியில் நம் நாட்டுக்கு அதுதான் பெயர். பக்கத்திலேயே நம்மூர் மூன்று உருண்டைப் பின்னின் படம். அதைப் பார்த்ததும் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. 17 யூரோ. அன்றைய கணக்கில் 1,550 ரூபாய்க்குப் பக்கம். யோசிக்காமல் கொடுத்தேன். அறைக்கு வந்து அட்டையைக் கிழித்து எடுத்தால், பொருளின் முதுகில் நம்மூர் மூன்று பின். முகத்தில் ஜெர்மனிக் குழி. அதாவது இந்தியாவுக்கு வருகிற ஜெர்மன்காரருக்கானது அது. எனக்கு வேண்டியதற்கு நேர் தலைகீழ்.

இந்த ஒரு விஷயத்தை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் எனக்கு 17 யூரோ மிச்சமாகியிருக்கும். எந்த ஊர்க் கடையாக இருந்தாலும், அங்கே தொங்குகிற அடாப்டர் பெரும்பாலும் அந்த ஊரிலிருந்து வெளியே போகிறவர்களுக்காகத்தான். அவர்கள் பிளக் உள்ளே போகும், வெளிநாட்டுப் பின் வெளியே நீட்டும். நம்முடைய உருண்டை த்ரீ பின்னை வாங்கிக்கொள்ளும் அடாப்டர் அங்கே சுலபமாகச் சிக்காது. ரிசப்ஷன் பெரியவரும் அன்று மாலை ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். யார் யாரோ விட்டுப்போன அடாப்டர்கள் அதில் பத்துப் பன்னிரண்டு இருந்தன. எல்லாம் இங்கிலாந்து, அமெரிக்கா பிளக்குகளுக்கானவை. நம்முடைய பின் ஒன்றில்கூடப் போகவில்லை. ஆகவே ஊரிலேயே வாங்குங்கள், இரண்டாக வாங்குங்கள், ஒன்றைக் கைப்பையில் போடுங்கள்.

அன்றைக்கு இரவு போனைக் காப்பாற்றியது அறையில் இருந்த டிவி. அதன் பின்பக்கம் தடவிப் பார்த்தபோது யூஎஸ்பி துளை கையில் பட்டது. ஒயரைச் சொருகினேன், போன் உயிர் பெற்றது. ஆனால் டிவியை அணைத்தால் சார்ஜும் நின்றுவிடும். ஆகவே சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். யாரோ இரண்டு ஜெர்மன்காரர்கள் வாயசைத்துச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தத் துளையில் வருகிற மின்சாரம் கொஞ்சம்தான். விடியும்போது 58 சதவீதம் ஏறியிருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டேன். "சாப்பிட்டியா கண்ணு?" என்றார். சாப்பிட்டேன் என்று சொன்னேன். முந்தின நாள் மதியத்திலிருந்து சாப்பிடவில்லை.

லேப்டாப் விஷயம் திங்கள் காலையில்தான் முடிந்தது, அதுவும் அடாப்டர் இல்லாமல். எலக்ட்ரானிக்ஸ் கடை திறக்கும் வரை வாசலில் நின்று, உள்ளே போனதும் என் சார்ஜரை முழுசாக எடுத்து மேஜையில் வைத்தேன். கடைப் பையன் த்ரீ பின்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சார்ஜர் கட்டியிலிருந்து சுவருக்குப் போகிற ஒயரை உருவினான். அதன் முனையில் மூன்று இலை சேர்ந்த மாதிரி ஒரு வாய் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதே வாயும் மறுமுனையில் ஜெர்மன் பிளக்கும் உள்ள ஒயர் ஒன்றை எடுத்து நீட்டினான். 10 யூரோ. கட்டியில் சொருகும் அந்த வாய் உலகம் முழுக்க ஒரே அளவாம். நாட்டுக்கு நாடு மாறுவது சுவர்ப் பக்கம் மட்டும்தான். இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: லேப்டாப்புக்கு அடாப்டர் தேடாதீர்கள், ஒயரை மாற்றுங்கள். ஆட்டமும் இல்லை, சூடும் இல்லை. ஊரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுச் சாமான்களோடு வந்த ஒயர்கள் அங்கே கிடப்பில் கிடக்கும். சார்ஜரைக் கையோடு எடுத்துப்போய்ச் சொருகிப் பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் இலை வாய்க்குப் பதில் எட்டு வடிவ வாய் இருக்கும்.

இதற்குள் மணி 11 ஆகிவிட்டது. ஸ்டாலை அடுக்கக் கண்காட்சி அரங்குக்குப் போனேன். மறுநாள் செவ்வாய் கண்காட்சி ஆரம்பம். பெட்டியில் மடித்துக் கொண்டுபோன திரைச்சீலையெல்லாம் சுருக்கம். அதற்காகக் கரூரிலிருந்தே கையில் பிடிக்கிற ஸ்டீமர் ஒன்று எடுத்துப் போயிருந்தேன், 1,500 வாட். அதன் பிளக் சார்ஜர் மாதிரி கழற்றி மாற்றுகிற வகை இல்லை. பக்கத்து ஸ்டால்காரர் பாகிஸ்தானின் பைசலாபாத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு அடாப்டரை எடுத்துக் கொடுத்தார். நம் உருண்டைப் பின் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. உட்காராமல் என்ன? அங்கேயும் இங்கேயும் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன பிளக் தானே. 1934-இல் பிரிட்டன் வகுத்த அளவு அது. அவர்கள் 1947-இலேயே தட்டைப் பின்னுக்கு அளவு வகுத்து மாறிப் போய்விட்டார்கள். நாம் இரண்டு பேரும் உருண்டைப் பின்னை விடவில்லை.

ஆனால் ஸ்டீமரை அதில் சொருகப் போனபோது அவரே கையை நீட்டித் தடுத்தார். அடாப்டரைத் திருப்பிக் காட்டினார். 6 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 1,500-ஐ 230-ஆல் வகுத்தால் ஆறரை ஆம்பியர் வருகிறது. அதைவிட முக்கியம், அதில் எர்த் பட்டை கிடையாது. தண்ணீர் கொதிக்கிற சாமானை எர்த் இல்லாமல் கையில் பிடிப்பதா? "இது லேப்டாப்புக்கு மட்டும் பேட்டா" என்றவர், போன வருஷம் அங்கேயே வாங்கிய தன் ஸ்டீமரைக் கொடுத்தார். மாலைக்குள் முடித்தேன். என்னுடையது பெட்டியிலேயே கிடந்து அப்படியே கரூர் திரும்பியது. கெட்டில், அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர் எதுவானாலும் கணக்கு இதுதான். அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரை 230-ஆல் பெருக்கினால் எத்தனை வாட் தாங்கும் என்பது தெரியும். 'எல்லா நாட்டுக்கும்' வகையில் பலவற்றில் எர்த் சும்மா பேருக்குத்தான் ஓட்டையாக இருக்கும், உள்ளே இணைப்பு இருக்காது.

ஜெர்மனியில் எனக்கு இருந்த ஒரே அதிர்ஷ்டம் வோல்டேஜ். அங்கேயும் 230 வோல்ட்தான், 50 ஹெர்ட்ஸ்தான். அமெரிக்கா போகிறவர்களுக்கு அதுவும் கிடையாது. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. பெருந்துறையில் எங்கள் பெரியம்மா நியூ ஜெர்சியில் இருக்கும் மகளுக்காகக் கோயம்புத்தூர் கிரைண்டர் வாங்கிப் பெட்டியில் கட்டிக் கொண்டுபோனார். 230 வோல்ட் கிரைண்டர், அதற்கு ஒரு அடாப்டர். ஸ்விட்சைப் போட்டால் உம் என்று உறுமியதே தவிர கல் சுற்றவில்லை. மாவு கெட்டியாக இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் மோட்டார் கருகிவிட்டது. கோயம்புத்தூர்க் கடைகளில் "அமெரிக்காவுக்கு வேணும்" என்று கேட்டாலே அதற்கென்று இருக்கும் மாடலை எடுத்துக் கொடுப்பார்கள். அதே மாதிரி அங்கே இருந்து மிக்ஸி, ஹேர் டிரையர் கொண்டுவந்து இங்கே சொருகினால் ஒரு நொடியில் போய்விடும். போன், லேப்டாப் சார்ஜர்களுக்கு மட்டும் பயமில்லை. அவற்றின் முதுகில் பொடி எழுத்தில் 'இன்புட் 100-240' என்று இருக்கும். அந்த வரியைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

மற்ற நாடுகளைப் பற்றி எங்கள் ஆபீஸில் போய்வந்தவர்கள் சொன்னதையும் போட்டுவிடுகிறேன். இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, துபாய், ஹாங்காங் எல்லாம் தட்டையான மூன்று பின். அதற்கு நம்மூரிலேயே நல்ல அடாப்டர் சுலபமாகக் கிடைக்கும். அந்தப் பாயிண்ட்டில் எர்த் பின் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு ஓட்டையின் மூடி திறக்கும். துபாயில் நம்மாட்கள் எர்த் ஓட்டையில் பேனாவைக் குத்தி மூடியைத் திறந்து டூ பின்னைச் சொருகுவார்கள். நீங்கள் குத்தாதீர்கள். இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் தனி வடிவம். அங்கே போன் சார்ஜரின் மெல்லிய டூ பின் போகும், ஜெர்மனியின் தடித்த பிளக் பல இடங்களில் போகாது. ஐரோப்பா முழுக்க ஒன்றே என்று நம்பி மிலனில் மாட்டிக்கொண்டவர் எங்கள் ஆபீஸிலேயே இருக்கிறார். நாலைந்து சாமான் சார்ஜ் போட வேண்டியிருந்தால் ஆளுக்கொரு அடாப்டர் வேண்டாம். நல்ல அடாப்டர் ஒன்றும் நம்மூர் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றும் போதும், சூடாகிற சாமான் எதையும் அதில் போடாத வரை. பவர் பேங்க் இருந்தால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் விடமாட்டார்கள். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-ஹவர். 100 வாட்-ஹவர் வரை பிரச்சினை இல்லை. அன்றைக்கு என்னிடம் ஒன்று இருந்திருந்தால் டிவி சண்டை பார்த்திருக்க வேண்டாம்.

ஊருக்கு வந்து பில் போட்டேன். 10 யூரோ ஒயருக்குப் பணம் வந்தது. 17 யூரோ அடாப்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த அக்கவுண்டண்ட் அண்ணா, "இது நம்மூர்ப் பின்னாட்ட இருக்குதேம்மணி, இதைய எதுக்கு அங்க போய் வாங்குனே?" என்றார். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. என் கணக்கிலேயே போட்டுக்கொண்டு மேஜை டிராயரில் போட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் ஹாம்பர்க்கிலிருந்து எங்கள் சரக்கு வாங்குகிற ஒரு பையர் கரூருக்கு வந்தார். சாம்பிள் அறையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தவர், சார்ஜரை எடுத்து நம் சுவர்ப் பாயிண்ட்டைப் பார்த்தார், தன் தடித்த பிளக்கைப் பார்த்தார். முகம் அப்படியே மாறியது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். சொருகியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. வாசல் பக்கம் நின்றிருந்த ஓனர், "பரவால்லயே அம்மணி, இதெல்லாங்கூட ரெடியா வெச்சிருக்கறயே" என்றார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போனேன்.